தபால் ஆபீஸில் தூங்கிய நடனம்

"காமர்ஸ் படிக்கிறவனுக்கு டான்ஸ் பற்றி என்னடா எழுத்து?" என்று அறை நண்பன் கேட்டான். "எல்லாம் வரியால் வந்த வினை" என்றேன். அவன் நம்பவில்லை. நீங்களும் உடனே நம்ப வேண்டாம். கொஞ்சம் பொறுமையாகப் படித்துப் பாருங்கள்.

போன செமஸ்டரில் மறைமுக வரிப் பாடத்துக்கு ஒரு அசைன்மென்ட் கொடுத்தார்கள். ஏதாவது ஒரு வரி மக்களின் பழக்கத்தை எப்படி மாற்றியது என்று உதாரணத்தோடு எழுத வேண்டும். வகுப்பில் பாதிப் பேர் உப்பு வரி, மீதிப் பேர் சிகரெட் வரி. நான் வித்தியாசமாகச் செய்கிறேன் பேர்வழி என்று தேடப்போய், 1944-ல் அமெரிக்கா போட்ட 'கேபரே வரி'யில் போய் விழுந்தேன். போர்க்காலம், அரசுக்குப் பணம் வேண்டும். சாப்பாடும் மதுவும் பரிமாறுகிற இடத்தில் பாட்டோ ஆட்டமோ இருந்தால் பில்லில் 30 சதவீதம் வரி. சில மாதங்களிலேயே அதை 20 ஆகக் குறைத்தார்கள். வெறும் வாத்திய இசை மட்டும் என்றால் வரி கிடையாது. விளைவை நீங்களே ஊகிக்கலாம். கிளப் முதலாளிகள் பலர் ஆடும் தரையில் மேஜை நாற்காலியைப் போட்டு, உட்கார்ந்து கேளுங்கள், ஆட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இந்த வரி முழுதாக ஒழிந்தது 1965-ல்தான்.

அப்படி இடம் இழந்த நடனங்களில் ஒன்றின் பெயர் லிண்டி ஹாப். அது என்னதான் என்று பார்க்கலாமே என ஒரு வீடியோவைத் திறந்தேன். சில நிமிடம்தான் ஓடியது. அன்றைக்கு அசைன்மென்ட் எழுதவில்லை :-)

நாலு ஜோடிகள்

அந்த வீடியோ 1941-ல் வந்த 'ஹெல்ஸபாப்பின்' என்ற ஹாலிவுட் படத்தின் ஒரு காட்சி. சமையல்காரர், வேலைக்காரப் பெண் உடைகளில் கறுப்பினத்தவர்கள் வருகிறார்கள். யாரோ வாத்தியத்தைத் தட்டிப் பார்க்கிறார்கள். இன்னொருவர் சேர்ந்துகொள்கிறார். கொஞ்ச நேரத்தில் நாலு ஜோடிகள் புயல் மாதிரி உள்ளே பாய்கிறார்கள். பெண்ணை ஆண் தலைக்கு மேல் வீசுகிறான். அடுத்த நொடி அந்தப் பெண் அவனைத் தூக்கிப் புரட்டுகிறாள். வேகத்தைப் பார்த்து, படத்தை வேகமாக ஓட்டியிருக்கிறார்கள் போல என்று முதலில் நினைத்தேன். அப்படியெல்லாம் இல்லை, நிஜமாகவே அந்த வேகம்தான்!

கதைக்கும் இந்தக் காட்சிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அந்தக் காலத்து ஹாலிவுட்டில் கறுப்பினக் கலைஞர்களின் காட்சிகளைப் பெரும்பாலும் இப்படித் தனியாகத்தான் வைப்பார்கள். தென் மாநிலத் தியேட்டர்காரர் வேண்டாம் என்றால் வெட்டி எடுத்துவிட வசதி. உலகத்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்கள், வேலைக்காரர் வேஷத்தில், வெட்டி எறிய வசதியான இடத்தில். இந்த எட்டுப் பேரில் மூன்று பெயர்களை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: ஃபிராங்கி மேனிங், நார்மா மில்லர், அல் மின்ஸ். கதை இவர்களைச் சுற்றித்தான் வரப்போகிறது.

சவோய்

நியூயார்க்கில் ஹார்லெம் என்ற பகுதி. அங்கே லெனாக்ஸ் அவென்யூவில், 140-வது தெருவுக்கும் 141-வது தெருவுக்கும் இடையில் ஒரு பிளாக் முழுக்க நீண்ட கட்டடம். கீழே கடைகள், மாடியில் நடனக்கூடம். 1926 மார்ச் 12 அன்று திறந்த இதற்கு சவோய் பால்ரூம் என்று பெயர். முதலாளி மோ கேல் வெள்ளைக்காரர், நிர்வாகி சார்லஸ் புக்கானன் கறுப்பினத்தவர். கூடத்தில் இரண்டு மேடைகள். ஒரு இசைக்குழு முடித்தால் மறு மேடையில் அடுத்தது தொடங்கிவிடும், இசைக்கு இடைவெளியே கிடையாது. மரத்தரை சில வருடங்களுக்கு ஒருமுறை தேய்ந்துபோய் மாற்ற வேண்டியிருந்தது என்றால் கூட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதில் பெரிய விஷயம் இன்னொன்று. ஹார்லெமிலேயே இருந்த புகழ்பெற்ற காட்டன் கிளப்பில் மேடையில் ஆடுகிறவர்கள் கறுப்பினத்தவர்கள், உட்கார்ந்து பார்க்கிறவர்கள் வெள்ளையர்கள். சவோயில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. யார் வேண்டுமானாலும் வரலாம், யாரோடு வேண்டுமானாலும் ஆடலாம். 'உனக்கு ஆட வருமா?' என்பது ஒன்றுதான் கேள்வி.

லிண்டி ஹாப் இங்கே வளர்ந்தது. அதற்கு முன் இருந்த ஜோடி ஆட்டங்களில் பெரும்பாலும் இருவரும் ஒருவரை ஒருவர் பிடித்தபடியே சுற்றுவார்கள். இதில் எட்டுத் தாளக்கணக்குக்குள் சேர்ந்து, சுற்றி, பிரிந்து, கையின் நீளத்துக்கு விலகி, மறுபடி சேருவார்கள். இதற்கு ஸ்விங் அவுட் என்று பெயர். அந்தப் பிரிந்திருக்கிற சில தாளங்களில் ஆளாளுக்குத் தோன்றியதை ஆடலாம். அதாவது ஜோடி ஆட்டம், ஆனால் நடுவில் இருவருக்கும் தனித்தனிச் சுதந்திரம். ஒருவர் கை கொடுக்கும் சின்ன இழுப்பை வைத்தே மற்றவர் அடுத்த அசைவைப் புரிந்துகொள்ள வேண்டும். முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது கிடையாது.

பெயருக்கு ஒரு கதை சொல்வார்கள். 1927-ல் சார்லஸ் லிண்ட்பெர்க் தனியாக விமானம் ஓட்டி அட்லாண்டிக்கைத் தாண்டினார். அடுத்த வருடம் நடந்த ஒரு நடன மாரத்தானில் 'ஷார்ட்டி' ஜார்ஜ் ஸ்னோடன் என்ற குள்ளமான ஆட்டக்காரர் போட்ட அடவைப் பார்த்து 'இது என்ன?' என்று கேட்க, அவர் 'லிண்டி' என்றாராம். இதை ஒப்புக்கொள்ளாத ஆராய்ச்சியாளர்களும் உண்டு. ஷார்ட்டி அந்தக் காலத்தின் பெரிய கை என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகமில்லை.

அவரை முந்தியவர்தான் ஃபிராங்கி மேனிங். 1914 மே 26 அன்று ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில்லில் பிறந்து, சின்ன வயதிலேயே அம்மாவோடு ஹார்லெம் வந்தவர். பையன் ஆடுவதைப் பார்த்த அம்மாவே, நீ ரொம்ப விறைப்பாக இருக்கிறாய் என்று சொல்லிவிட்டாராம். பையன் விடவில்லை. ஷார்ட்டியின் ஜோடி பிக் பீ உயரமானவர். ஆட்ட முடிவில் ஷார்ட்டியை முதுகில் சுமந்துகொண்டு வெளியே போவது அவர்களுடைய முத்திரை. 'சுமப்பதோடு ஏன் நிறுத்த வேண்டும்? முதுகு வழியாகப் புரட்டி அந்தப் பக்கம் இறக்கினால்?' என்று யோசித்தார் ஃபிராங்கி. ஃபிரீடா வாஷிங்டன் என்ற தன் ஜோடியோடு மெத்தை விரித்துப் பழகி, 1935-ல் சவோயில் நடந்த போட்டியில் சிக் வெப் இசைக்குழு வாசிக்க அதைச் செய்து காட்டினார். லிண்டி ஹாப்பில் ஆகாயத்தில் பறக்கும் அடவுகள் அங்கே தொடங்கின.

சவோயில் முன்பு வாயில்காப்பாளராக இருந்த ஹெர்பர்ட் ஒயிட் என்பவர் இந்த இளைஞர்களைத் திரட்டி 'ஒயிட்டீஸ் லிண்டி ஹாப்பர்ஸ்' என்ற குழுவாக்கினார். 1919-ல் பிறந்த நார்மா மில்லர் பதின்பருவத்திலேயே அதில் சேர்ந்தார். உலகம் சுற்றினார்கள், சினிமாவில் ஆடினார்கள். அந்த வீடியோவும் அப்படி வந்ததுதான்.

எப்படிக் காணாமல் போனது?

ஒரே காரணம் சொன்னால் பொய்யாகிவிடும். போருக்கு இளைஞர்கள் போனார்கள், ஃபிராங்கியும் ராணுவத்தில் சேர்ந்தார். 1942 ஆகஸ்டில் இசைக்கலைஞர்கள் சங்கம் ரெக்கார்டு கம்பெனிகளுக்கு எதிராக வேலைநிறுத்தம் செய்தது. 1943-ல் அதிகாரிகள் சவோயைச் சில மாதங்கள் இழுத்து மூடினார்கள். ஒழுக்கக்கேடு என்று காரணம் சொன்னார்கள். கறுப்பினத்தவரும் வெள்ளையரும் சேர்ந்து ஆடுவது பிடிக்காமல்தான் மூடினார்கள் என்று ஹார்லெமில் பேசிக்கொண்டார்கள். 1944-ல் மேலே சொன்ன வரி. பதினைந்து பதினாறு பேர் கொண்ட இசைக்குழுவுக்குச் சம்பளம் கொடுத்துக் கட்டுப்படியாகவில்லை. சின்னக் குழுக்கள் வந்தன. பீ-பாப் என்ற புது ஜாஸ் வந்தது, அது ஆடுவதைவிடக் கேட்பதற்கான இசை. பிறகு ராக் அண்ட் ரோல். 1958-ல் சவோயே மூடி, அந்த இடத்தில் குடியிருப்புகள் எழும்பின.

போர் முடிந்து திரும்பிய ஃபிராங்கி 'காங்கரூஸ்' என்ற நால்வர் குழு வைத்துச் சில வருடம் ஓட்டிப் பார்த்தார். 1955-ல் அதைக் கலைத்துவிட்டு நியூயார்க் தபால் துறையில் வேலைக்குச் சேர்ந்தார். கல்யாணம், குழந்தைகள், மாதச் சம்பளம். அடுத்த முப்பது வருடம் அவர் ஒரு தபால் ஆபீஸ் ஊழியர். அவ்வளவுதான்.

இந்த இடத்தில் எனக்குப் படிப்பதை நிறுத்தத் தோன்றியது. அந்த வீடியோவில் புயல் மாதிரி வந்த மனிதர் பத்து மணி ஷிஃப்டுக்குக் கடிதம் பிரிக்கப் போய்வருவதை மனசு ஏற்கவில்லை. ஆனால் அவருக்கு அதில் கசப்பு இருந்ததாகத் தெரியவில்லை. குடும்பத்தைப் பார்க்க வேண்டும், பார்த்தார்.

முழுக்கச் செத்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. லாஸ் ஏஞ்சலஸில் டீன் காலின்ஸ் போன்றவர்களின் வழியில் ஒரு கிளை ஓடியது. ஹார்லெமில் மாமா லூ பார்க்ஸ் என்ற பெண்மணி இளைஞர்களைப் பழக்கி மேடை ஏற்றிக்கொண்டே இருந்தார். மறுமலர்ச்சி பற்றிப் பேசும்போது இவர்களை மறந்துவிட்டு, ஏதோ புதையலைத் தோண்டி எடுத்த மாதிரி எழுதுகிறார்கள். அது சரியில்லை.

ஒரு வருட இடைவெளி

1980-களின் தொடக்கத்தில் நியூயார்க்கில் சாண்ட்ரா கேமரன் தன் நடனப்பள்ளியில் கற்றுக்கொடுக்க அல் மின்ஸை அழைத்து வந்தார். அதே சமயம் ஸ்வீடனின் ஸ்டாக்ஹோமில் சில இளைஞர்கள் பழைய ஹாலிவுட் படங்களைத் திரும்பத் திரும்பப் போட்டு, கால் எங்கே போகிறது, கை எங்கே போகிறது என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். லண்டனிலும் ஒரு கூட்டம் இதே வேலையில் இருந்தது. படத்தைப் பார்த்து அடவைப் பிடித்துவிடலாம். ஆனால் கையின் இழுப்பு எவ்வளவு, எடை எந்தக் காலில், எப்போது விடுவது, இதெல்லாம் திரையில் தெரியாது. தொட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

1984-ல் ஸ்வீடனிலிருந்து லெனார்ட் வெஸ்டர்லுண்டும் இரண்டு நண்பர்களும் நியூயார்க் வந்து அல் மின்ஸைக் கண்டுபிடித்தார்கள். அவரை அந்த வருடமே ஸ்டாக்ஹோமுக்கு அழைத்துப் போய் வகுப்பு எடுக்க வைத்தார்கள். 1985 ஏப்ரலில் அல் மின்ஸ் இறந்துவிட்டார்.

தேதிகளைப் பாருங்கள். நடுவில் ஒரு வருடம்தான். 'அடுத்த வருடம் போய்க்கொள்ளலாம், டிக்கெட் விலை குறையட்டும்' என்று அவர்கள் நினைத்திருந்தால்?

அவர் போனபின் வேறு யார் இருக்கிறார்கள் என்ற தேடல். கலிஃபோர்னியாவிலிருந்து எரின் ஸ்டீவன்ஸும் அவருடன் ஆடிய இளைஞர் ஒருவரும் டெலிபோன் டைரக்டரியில் ஃபிராங்கி மேனிங் என்ற பெயரைப் பிடித்து போன் செய்தார்கள். நடனக்காரர் மேனிங்தானா என்று கேட்டதற்கு, இல்லை, நான் தபால் ஆபீஸில் வேலை பார்க்கிறேன், முன்பு ஆடிக்கொண்டிருந்தேன் என்கிற மாதிரி பதில் வந்ததாம். கற்றுக்கொடுப்பதெல்லாம் தெரியாது என்று தயங்கியவர் கடைசியில் ஒப்புக்கொண்டார். வருடம் 1986. அவருக்கு வயது 72.

வாத்தியார் ஃபிராங்கி

இங்கே ஒரு சிக்கல். சவோயில் யாரும் வகுப்பு வைத்துக் கற்கவில்லை. பார்த்தார்கள், ஆடினார்கள், விழுந்தார்கள், மறுபடி ஆடினார்கள். 'ஒன்று, இரண்டு, மூன்று-நாலு' என்று எண்ணிச் சொல்லும் பழக்கம் இல்லை. ஆனால் ஸ்டாக்ஹோமில் ஐம்பது பேர் வரிசையாக நின்று 'எந்தத் தாளத்தில் இடது கால்?' என்று கேட்டால் ஏதாவது சொல்லித்தானே ஆக வேண்டும்? உடம்புக்குத் தெரிந்ததை வாய்க்குக் கொண்டுவர வேண்டும். ஃபிராங்கி பெரும்பாலும் எண்ணிக்கைக்குப் பதில் தாளத்தை வாயாலேயே பாடிக் காட்டுவார். சிஷ்யர்கள் அதை எண்ணிக்கையாக மாற்றிக் குறித்துக்கொண்டார்கள். இன்று உலகமெங்கும் ஆரம்ப வகுப்பில் சொல்லிக்கொடுக்கும் எட்டுக் கணக்கு இப்படி வாத்தியார்கள் வசதிக்காக ஒழுங்கானது. அதில் லாபமும் உண்டு, நஷ்டமும் உண்டு. நிறையப் பேருக்குப் போய்ச் சேர்ந்தது லாபம். எல்லோரும் ஒரே மாதிரி ஆட ஆரம்பித்தது நஷ்டம்.

அவர் அடவோடு இன்னொன்றும் சொல்லிக்கொடுத்தார். எதிரே நிற்கும் பெண் ஒரு ராணி, முதலில் தலை வணங்கு என்பார். பாட்டு ஓடுகிற மூன்று நிமிடம் நீ அவளைக் காதலிக்கிறாய், பாட்டு முடிந்ததும் நன்றி சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போ என்பார். தன் பிறந்தநாளில் வயதுக்கு ஒருவராக வரிசையில் நிற்கும் பெண்களோடு ஆடுவார். 85 வயதில் 85 பேர்!

1987-ல் தபால் வேலையிலிருந்து ஓய்வு. பொதுவாக அதற்குமேல் மனிதர்கள் ஈஸிசேரில் சாய்வார்கள். இவருக்கு அங்கேதான் இரண்டாவது இன்னிங்ஸ். 1989-ல் 'பிளாக் அண்ட் ப்ளூ' என்ற பிராட்வே நிகழ்ச்சிக்கு நடனம் அமைத்ததற்காக மற்ற மூவரோடு சேர்ந்து டோனி விருது. ஸ்பைக் லீயின் 'மால்கம் எக்ஸ்' (1992) படத்தின் நடனக் காட்சியில் பங்கு. 2000-ல் அமெரிக்க அரசின் பாரம்பரியக் கலைஞர் விருது. நார்மா மில்லருக்கும் அதே விருது 2003-ல் கிடைத்தது. நார்மா ஃபிராங்கியைப் போல மென்மையானவர் அல்ல, வெட்டு ஒன்று துண்டு இரண்டு ரகம். 'இது எங்கே பிறந்தது, யார் பெற்றது என்று தெரிந்துகொண்டு ஆடுங்கள்' என்பதைக் கடைசிவரை அதட்டியே சொன்னவர்.

ஸ்டாக்ஹோமுக்கு வடக்கே ஹெரெங் என்ற குட்டி கிராமம், பழைய இரும்புச் சுரங்க ஊர். அங்கே 1982-ல் சின்னதாகத் தொடங்கிய கோடை முகாமுக்கு ஃபிராங்கி வருடாவருடம் வர, அது உலகத்து லிண்டி ஹாப்பர்களின் யாத்திரைத் தலமாகிவிட்டது. ஹார்லெமில் பிறந்த ஆட்டத்துக்கு ஸ்வீடன் கிராமத்தில் திருவிழா! சரித்திரம் இப்படியும் வழி மாறிப் போகும்.

விளம்பரமும் அதற்குப் பிறகும்

காமர்ஸ் மாணவன் என்பதால் இதைச் சொல்லாமல் விட முடியாது. 1998-ல் கேப் என்ற துணிக் கம்பெனி தன் காக்கி பேன்டுக்கு ஒரு டிவி விளம்பரம் எடுத்தது. இளைஞர்கள் லிண்டி ஹாப் ஆடுகிறார்கள், அவ்வளவுதான் விளம்பரம். அமெரிக்கா முழுக்க ஸ்விங் வகுப்புகளில் கூட்டம் அலைமோதியது. நேற்று கற்றவர் இன்று வாத்தியார். 'சவோய் பாணியா, ஹாலிவுட் பாணியா' என்று சண்டைகூட நடந்தது. சில வருடத்தில் மோகம் வடிந்தது, பேன்ட் வாங்க வந்த கூட்டம் வேறு பேன்ட்டுக்குப் போய்விட்டது. கம்பெனிக்கு அது ஒரு சீசன் சரக்கு. ஆனால் வந்தவர்களில் கொஞ்சம் பேர் தங்கிவிட்டார்கள். ஊருக்கு இருபது முப்பது பேர், வாரம் ஒரு நாள் வாடகை ஹால், ஒரு ஸ்பீக்கர். இன்று தென்கொரியாவின் சியோல் வரை இது பரவியிருக்கிறது. உலகிலேயே பெரிய லிண்டி ஹாப் கூட்டங்களில் ஒன்று அங்கேதான். 2020-ல் கொரோனா வந்தபோது கையைப் பிடித்து ஆடும் நடனத்துக்கு என்ன கதி ஆகியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதிலிருந்தும் எழுந்து வந்துவிட்டார்கள்.

உறுத்துகிற விஷயமும் ஒன்று உண்டு. இன்று இதை ஆடுகிறவர்களிலும், கற்றுக்கொடுத்துச் சம்பாதிக்கிறவர்களிலும் கறுப்பினத்தவர்கள் மிகக் குறைவு. சொத்தை உருவாக்கியவர் பெயர் பேலன்ஸ் ஷீட்டில் காணோம். அந்த ஸ்வீடன் இளைஞர்கள் தேடி வராவிட்டால் இது மறைந்திருக்கும் என்பது உண்மை. தேடி வந்தவர்களுக்கே பத்திரம் எழுதிக்கொடுத்துவிட முடியாது என்பதும் உண்மை. 2020-க்குப் பிறகு இந்தக் கேள்வியை ஆடுகிறவர்களே பலமாகக் கேட்க ஆரம்பித்திருக்கிறார்கள். கேட்கட்டும். கடனை ஒப்புக்கொள்வதுதான் அடைப்பதற்கு முதல் படி.

ஃபிராங்கி 2009 ஏப்ரல் 27 அன்று காலமானார். 95-வது பிறந்தநாளுக்கு ஒரு மாதம் பாக்கி. அந்தப் பிறந்தநாளுக்காக நியூயார்க்கில் பெரிய விழா ஏற்பாடாகியிருந்தது. ரத்து செய்யவில்லை. உலகமெங்கிலுமிருந்து வந்தவர்கள் அவர் இல்லாமல் ஆடினார்கள். இப்போது மே 26 உலக லிண்டி ஹாப் தினம். நார்மா 2019 மே 5 அன்று 99 வயதில் போனார். சவோய் இருந்த இடத்தில் ஒரு நினைவுப் பலகை இருக்கிறது. 2002-ல் அதைத் திறந்து வைத்தவர்கள் இவர்கள் இருவரும்தான்.

அசைன்மென்டுக்கு என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? பத்துக்கு ஆறு. 'வரி பற்றி ஒரு பக்கம், நடனம் பற்றி நாலு பக்கம்' என்று சிவப்பு மையில் எழுதியிருந்தார் சார். நியாயமான தீர்ப்பு, அப்பீல் செய்யவில்லை.

ஆனால் ஒன்று மனசில் தங்கிவிட்டது. ஒரு சட்டமும் ஒரு போரும் கொஞ்சம் கணக்கும் சேர்ந்து ஒரு கலையின் காலுக்குக் கீழே இருந்த தரையை எடுத்துவிட்டன. அதைத் திரும்பக் கொண்டுவந்தது பெரிய திட்டம் எதுவும் இல்லை. யாரோ சிலர் பழைய படத்தைப் பார்த்து 'இவர்கள் இப்போது எங்கே?' என்று யோசித்தார்கள், டைரக்டரியைப் புரட்டினார்கள், போனை எடுத்தார்கள். மறுமுனையில் இருந்தவர் 72 வயதில் 'சரி, வாருங்கள்' என்றார்.

உங்கள் தெருவிலும் அப்படி ஒரு ரிட்டயர்டு குமாஸ்தா இருக்கலாம். என்ன தெரியும் என்று யாரும் கேட்காததால் அவரும் சொல்லாமல் இருக்கலாம். இந்த ஞாயிற்றுக்கிழமை போய்க் கேட்டுப் பாருங்கள். அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் வைத்துவிடாதீர்கள்.